டியூட்டிக்கு நேரமாச்சு

வெள்ளத்துரை தன் தெருவுக்குள் நுழைந்தபோது, தெருவே யாரையோ தேடிக்கொண்டிருந்தது.

பைக்கில் எதிரே வந்த ஒருவன், "ஓரமா போங்க அண்ணாச்சி, ஆளத் தேடிப் போறோம்" என்று சொல்லிவிட்டு அவரைத் தாண்டிப் போனான். அவருடைய வீட்டு வாசலில் மனைவி பேச்சித்தாயைச் சுற்றிப் பெண்கள் கூடி நின்றார்கள். ஏதோ துக்கம் என்று நினைத்து, தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு மெதுவாகக் கிட்டே போனார்.

"யாரக் காணுமாம்?" என்று கேட்டார்.

கூட்டம் திரும்பிப் பார்த்தது.

"ஒம்மத்தான்வே" என்றார் பக்கத்து வீட்டுக்காரர்.

பேச்சித்தாய் அழுதாள். பிறகு திட்டினாள். பிறகு இரண்டையும் சேர்த்துச் செய்தாள்.

விஷயம் ஒன்றுமில்லை. போனைச் சார்ஜில் போட்டுவிட்டு, தைக்கக் கொடுத்திருந்த காக்கிச் சட்டையை வாங்கப் போனார். பொத்தான் தைக்க வேண்டும், கொஞ்சம் உட்காருங்கள் என்று டெய்லர் ஒரு ஸ்டூலைப் போட்டார். கமிஷன் கடையில் காலம் முழுக்க மூட்டை தூக்கிய ஆளுக்கு உட்கார இடம் கிடைத்தால் என்ன ஆகும்? தூங்கிவிட்டார். டெய்லரும் நல்ல மனிதர், எழுப்பவில்லை.

அந்தச் சட்டைதான் வெள்ளத்துரையின் புது வாழ்வு. லாரி புக்கிங் ஆபீஸில் இருக்கும் மன்சூர் அலி அவருக்காக ஒரு வேலை சொல்லி வைத்திருந்தார். கரிவலம்வந்தநல்லூர் தாண்டி ஒரு நூல் மில்லில் வாட்ச்மேன்.

"வேல என்னன்னா, கேட்டு பக்கத்துல நாற்காலி போட்டு உக்காந்திருக்கணும். அவ்வளவுதான்" என்றிருந்தார் மன்சூர் அலி.

வெள்ளத்துரை அதை இன்னொரு முறை சொல்லச் சொல்லிக் கேட்டார். கமிஷன் கடையில் நாற்காலி என்றால் அது முதலாளிக்கு. லோடுமேன் மூட்டை மேல் உட்காரலாம், அதுவும் அடுத்த லாரி வரும் வரைக்கும். அவர் இடுப்பு இப்போதெல்லாம் குனிந்தால் நிமிர யோசிக்கிறது, நிமிர்ந்தால் குனிய யோசிக்கிறது.

"ஆனா ஒண்ணு" என்றும் சொல்லியிருந்தார் மன்சூர் அலி. "மேனேஜர் தேவமணி ரொம்ப கண்டிப்பு. நாளைக்குக் காலையில மில்லு சங்கு ஊதுமுன்ன நீரு கேட்டுல நிக்கணும். பிந்துனா வேற ஆளப் போட்டுருவாரு. ஒம்ம மூஞ்சி அவருக்குத் தெரியாது. வெள்ளத்துரைன்னு ஒருத்தரு காக்கிச் சட்டை போட்டுட்டு வருவாருன்னு சொல்லிருக்கேன்."

இப்போது அந்தச் சட்டை பொட்டலமாகக் கையில் இருக்க, வெள்ளத்துரை தன் வாசலில் காணாமல் போனவராக நின்றார்.

"சரி, வந்துட்டேன்லா. எல்லாரும் வீட்டுக்குப் போங்க" என்றார்.

"அத்தான், ஒரு சின்ன விசயம்" என்றான் கண்ணன்.

கண்ணன் பேச்சித்தாயின் தம்பி. பஸ் ஸ்டாண்டு பக்கம் செல்போன் கடை வைத்திருக்கிறான். கல்யாணமாகி இரண்டு பிள்ளைகள் இருந்தும், "ஒரு சின்ன விசயம்" என்று அவன் சொன்னால், பெரிய வம்பு என்று வீட்டில் எல்லாரும் உட்கார்ந்துவிடுவார்கள். வெள்ளத்துரையும் உட்கார்ந்தார்.

கண்ணன் போனை நீட்டினான். வெள்ளத்துரைக்கு எழுத்துக் கூட்டித்தான் வாசிக்க வரும். நாற்பது வயதுக்கு மேல் படித்த எழுத்து. ஒவ்வொன்றாகத் தூக்கி இறக்கி வைத்துப் படித்தார்.

மேலே அவர் படம். மச்சினிச்சி கல்யாணத்தில் எடுத்தது, வாய் கொஞ்சம் திறந்திருந்தது. கீழே எழுத்து:

"காணவில்லை. படத்தில் இருப்பவர் கொஞ்சம் நினைவு தப்பியவர். யாருக்கும் தொந்தரவு செய்யமாட்டார். எங்கே போகிறீர்கள் என்று கேட்டால், டியூட்டிக்கு நேரமாச்சு என்பார். அதை நம்பி விட்டுவிட வேண்டாம். தேங்காய் பன் என்றால் உயிர். வாங்கிக் கொடுத்தால் அமைதியாக உட்கார்ந்திருப்பார். பார்த்தவர்கள் கீழே உள்ள நம்பருக்குத் தெரிவிக்கவும். அதிகம் பகிரவும்."

வாசித்து முடித்து வெள்ளத்துரை போனைத் திருப்பிக் கொடுத்தார்.

"ஏலே, நான் எந்தக் காலத்துல தேங்காய் பன்னு தின்னேன்?"

"அது உங்களுக்கு எழுதினது இல்ல அத்தான். ராஜபாளையம் பக்கம் யாரோ ஒரு பெரியவரக் காணும்னு கொஞ்ச நாளா ஒரு மெசேஜ் சுத்திட்டு இருந்துது. அக்கா ஒப்பாரி வைக்கா. எனக்கு எழுத ஓடல. அத எடுத்து, போட்டோவையும் நம்பரையும் மட்டும் மாத்திப் போட்டுட்டேன்."

"மத்தத?"

"நல்லா எழுதிருந்தாங்க அத்தான். அதான் அப்படியே விட்டுட்டேன்."

"அழிச்சிரு."

"என் குரூப்புல அழிச்சாச்சு. ஆனா அங்கேருந்து பூ மார்க்கெட் குரூப்புக்குப் போயிருக்கு. தறிக்காரங்க குரூப்பு, ரத்ததான குரூப்பு, டியூசன் டீச்சர் குரூப்பு, பஸ்காரங்க குரூப்பு..."

வெள்ளத்துரை கையை ஓங்கினார். பேச்சித்தாய் நடுவில் வந்தாள்.

"அவன எதுக்கு அடிக்க வாரீங்க? போன வருசம் மதினிக்கு ரத்தம் வேணும்னப்ப இதே குரூப்புலதான போட்டான். நாம ஆஸ்பத்திரி படியேறுமுன்ன ரெண்டு பேரு வந்து கைய நீட்டிட்டு நிக்கல? அப்ப மட்டும் நல்லாருந்துதோ?"

வெள்ளத்துரை கையை இறக்கினார். நாளைக்குக் காலையில் எல்லாம் மறந்துவிடுவார்கள் என்று நினைத்துக்கொண்டு படுத்தார்.

காலையில் அவர் காக்கிச் சட்டையைப் போட்டு, துண்டை மடித்துத் தோளில் போட்டு, மஞ்சள் பையில் தண்ணீர் பாட்டிலை வைத்துக்கொண்டு கிளம்பும்போது கண்ணன் வந்தான்.

"அத்தான், ராத்திரியெல்லாம் போன் வந்துட்டே இருக்கு. கெடச்சுட்டாருன்னு ஒண்ணு போட்டுருவோம். அப்படியே நில்லுங்க, ஒரு போட்டோ."

நல்ல யோசனையாகத்தான் தெரிந்தது. வெள்ளத்துரை புதுச் சட்டையோடு விறைப்பாக நின்றார். "கிடைத்துவிட்டார். தேடிய அனைவருக்கும் நன்றி" என்று எழுதி, கண்ணன் எல்லாக் குரூப்பிலும் போட்டான்.

ஆனால் ஜனங்கள் படத்தைப் பார்ப்பார்கள். எழுத்தை யார் பார்க்கிறார்கள்? வெள்ளத்துரை தெருமுனை தாண்டுவதற்குள், யாரோ ஒரு நல்ல மனுஷன் அந்தப் புதுப் படத்தை வெட்டிப் பழைய எழுத்துக்கு மேலே ஒட்டி, "இப்போது காக்கிச் சட்டை அணிந்திருக்கிறார்" என்று ஒரு வரியும் சேர்த்து அனுப்பிவிட்டான்.

இது எதுவும் வெள்ளத்துரைக்குத் தெரியாது. பஸ் ஸ்டாண்டில் கரிவலம் வழியாகப் போகும் ராஜபாளையம் பஸ் இன்னும் வந்திருக்கவில்லை. டீக்கடையில் ஒரு டீ சொன்னார்.

டீ மாஸ்டர் அவரை ஒரு முறை பார்த்தார். போனைப் பார்த்தார். மறுபடி அவரைப் பார்த்தார்.

"அண்ணாச்சி, எங்கன போறீய?" என்று மெதுவாகக் கேட்டார்.

"கரிவலத்துக்கு. டியூட்டிக்கு நேரமாச்சு" என்றார் வெள்ளத்துரை.

டீ மாஸ்டர் ஆற்றிக்கொண்டிருந்த டீ பாதி வழியில் நின்றுவிட்டது.

"போலாம், போலாம். பைய போலாம். உக்காருங்க" என்றார்.

டீ வந்தது. கூடவே ஒரு தட்டில் தேங்காய் பன்னும் வந்தது.

"நான் கேக்கலியே."

"கேக்காட்டி என்ன அண்ணாச்சி? நம்ம கடைதான்."

அப்போதுதான் வெள்ளத்துரைக்குக் கண்ணன் போட்ட மெசேஜ் ஞாபகம் வந்தது. நிமிர்ந்து பார்த்தார். பெஞ்சைச் சுற்றி ஆட்கள் நின்றார்கள். எல்லார் முகத்திலும் ஒரே மாதிரி ஒரு கனிவு. பூக்காரம்மா ஒருத்தி அவர் தோளில் கை வைத்தாள்.

ராஜபாளையம் பஸ் உள்ளே வந்தது. வெள்ளத்துரை எழுந்தார். முன்பின் தெரியாத ஒருவர் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். ரொம்ப அன்பான பிடி, ஆனால் விடவில்லை.

"விடுங்க. நான் வேலைக்குப் போகணும்."

"அதத்தான் அண்ணாச்சி டியூட்டிங்கிய."

"எனக்கு நினைவெல்லாம் நல்லாருக்கு."

"ஆமா, ரொம்ப நல்லாருக்கு. பன்னச் சாப்டுங்க."

"அது நான் இல்ல. அது வேற ஆளுக்கு எழுதினது. போட்டோதான் என்னோடது."

கூட்டம் தலையாட்டியது. ஒருவர் தன் மனைவியிடம், "நல்ல மனுசன். குடும்பத்துல ஏதோ அடி" என்றார்.

கண்ணனின் நம்பருக்கு நான்கைந்து பேர் ஒரே நேரத்தில் போட்டார்கள். எல்லாருக்கும் "பிஸி" என்றே வந்தது. வெள்ளத்துரை தன் பட்டன் போனை எடுத்துப் போட்டுப் பார்த்தார். அவருக்கும் பிஸி. ராஜபாளையம் பஸ் கிளம்பிப் போனது.

மில்லில் சங்கு ஊதுவதற்கு முன்னால் இன்னும் ஒரு பஸ்தான் இருந்தது. வெள்ளத்துரைக்கு வேர்த்தது. கோபப்படலாம் என்றால் ஒருவரும் கெட்டவராக இல்லை. கெட்டவன் ஒருவன் இருந்தாலாவது தள்ளிவிட்டு ஓடலாம்.

"கொஞ்சம் விலகுங்க" என்று ஒரு பெண் உள்ளே வந்தாள். அபிதா என்று கழுத்தில் காலேஜ் அட்டை தொங்கியது. "அவங்க சொல்லுதத யாராவது கேட்டீங்களா? மாமா, நீங்களே சொல்லுங்க. நான் வீடியோ எடுத்து எல்லா குரூப்புலயும் போடுதேன். உங்க வாயால சொன்னா யாரும் பிடிக்க மாட்டாங்க."

காலையிலிருந்து அவரிடம் ஒழுங்காகப் பேசிய முதல் ஆள் அவள்தான். வெள்ளத்துரைக்குக் கண் கலங்கிவிட்டது. அதுவும் வீடியோவில் பதிந்துவிட்டது.

கையில் யாரோ திணித்த பன்னோடு விறைத்து நின்றார்.

"என் பேரு வெள்ளத்துரை. சங்கரன்கோவில்தான். நான் காணாமப் போகல. இங்கனதான் இருக்கேன். எனக்கு மூளையெல்லாம் நல்லாருக்கு. இந்தப் பன்னு எனக்கு வேண்டாம்."

இன்னும் என்ன சொல்லலாம் என்று யோசித்தார். அந்த நேரம் பார்த்து அடுத்த ராஜபாளையம் பஸ் உள்ளே வந்து ஹாரன் அடித்தது.

"எனக்கு டியூட்டிக்கு நேரமாச்சு" என்று சொல்லிவிட்டு வெள்ளத்துரை ஓடினார்.

வீடியோ அந்த இடத்தில் முடிந்தது.

அபிதா சொன்னபடி எல்லாக் குரூப்பிலும் போட்டாள். யாரும் அவரைத் துரத்தவில்லை. டீ மாஸ்டர் மட்டும் பின்னாலேயே ஓடிவந்து, காகிதத்தில் சுற்றிய பன்களை அவருடைய மஞ்சள் பைக்குள் திணித்து, "வழியில பசிக்கும் அண்ணாச்சி" என்றார்.

பஸ்ஸில் பின்னால் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. பஸ் ஊரைத் தாண்டியதும் வெள்ளத்துரைக்கு மூச்சு சீரானது. சங்கு ஊத இன்னும் நேரம் இருந்தது. நாற்காலி பிளாஸ்டிக்காக இருக்குமா, இரும்பாக இருக்குமா என்று யோசித்தார். கை வைத்த நாற்காலியாக இருந்தால் நல்லது.

அப்போது முன் சீட்டில் அவர் குரல் கேட்டது.

"என் பேரு வெள்ளத்துரை. சங்கரன்கோவில்தான். நான் காணாமப் போகல."

வலது பக்கத்தில் இன்னொரு போனில், "இங்கனதான் இருக்கேன்" என்றது. டிரைவர் பக்கத்தில், "இந்தப் பன்னு எனக்கு வேண்டாம்" என்றது. பஸ்ஸெங்கும் வெள்ளத்துரைகள் ஒருவர் பின் ஒருவராகப் பேசினார்கள். அசல் வெள்ளத்துரை துண்டை எடுத்து முகத்தை மூடிக்கொண்டார்.

"பாவம், எப்படி கண்ணு கலங்குதாரு பாரு" என்றாள் பக்கத்து வரிசையில் இருந்த மீரா பீவி. கரிவலத்துச் சந்தைக்குத் துணி விற்கப் போகிறவள். மடியில் பெரிய மூட்டை. "டியூட்டின்னு சொல்லிட்டு எங்கனயோ ஓடுதாரே. யாரு பெத்த புள்ளையோ."

கண்டக்டர் வந்தார்.

"எங்கன?"

வெள்ளத்துரை துண்டுக்குள்ளிருந்து, "கரிவலம்" என்றார்.

"என்ன விசயமா?"

கண்டக்டர்கள் இதையெல்லாம் கேட்பதில்லை. வெள்ளத்துரை உஷாரானார். எந்தச் சொல்லைச் சொல்லக்கூடாது என்று அவருக்கு இப்போது தெரியும்.

"கோயிலுக்கு" என்றார்.

"கோயிலுக்கு எதுக்கு காக்கிச் சட்டை?"

கண்டக்டர் துண்டை மெதுவாக விலக்கினார். பஸ் முழுக்கத் திரும்பியது. மீரா பீவி எழுந்தே விட்டாள்.

"அல்லா, இவருதான்."

இந்த முறை கண்ணனின் நம்பர் கிடைத்துவிட்டது. எல்லாரும் கேட்கட்டும் என்று கண்டக்டர் ஸ்பீக்கரில் போட்டார். வெள்ளத்துரைக்கு உயிர் வந்தது. கண்ணன் ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

"தம்பி, உங்க ஆளு எங்க பஸ்ஸுலதான் இருக்காரு" என்றார் கண்டக்டர்.

"விட்டுருங்க சார்" என்றான் கண்ணன். காலையிலிருந்து போன் பேசிப் பேசி அவன் குரல் அலுத்துப்போயிருந்தது. "அவரு பாட்டுக்குப் போகட்டும். நெசமாவே அவரு டியூட்டிக்குத்தான் போறாரு."

பஸ்ஸில் இருந்தவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"பாத்தீகளா" என்றாள் மீரா பீவி. "தொல்ல விட்டுதுன்னு தொலைக்கப் பாக்கான்." கண்டக்டர் கையிலிருந்து போனை வாங்கினாள். "ஏம்பா, நீ அவருக்கு யாரு?"

"மச்சினன்க்கா."

"அதான பாத்தேன்" என்றது பின் சீட்டிலிருந்து ஒரு குரல். "சொத்து விசயமா இருக்கும்."

"சொத்தா? அவருக்கு ஒரு சைக்கிள்தான் இருக்கு" என்றான் கண்ணன்.

"சைக்கிளுக்கு ஆசப்பட்டு ஒரு மனுசன நடுரோட்டுல விடுவியா?" என்று மீரா பீவி கேட்டாள். கண்ணன் போனை வைத்துவிட்டான்.

அதற்குப் பிறகு வெள்ளத்துரை மேல் காட்டிய பாசம் இரண்டு மடங்கானது. ஒருவர் தன் ஜன்னல் சீட்டைக் கொடுத்தார், அவரே ஜன்னல் சீட்டில்தான் இருக்கிறார் என்பதைக்கூடப் பார்க்காமல். இன்னொருவர் பிஸ்கட் கொடுத்தார். மீரா பீவி தன் மூட்டையிலிருந்து ஒரு புதுத் துண்டை உருவி அவர் தோளில் போட்டாள்.

"கரிவலத்துல உங்கள இறக்கி விட மாட்டேன் அண்ணாச்சி" என்றார் கண்டக்டர். "அந்த மச்சினன் சரியில்ல. ராஜபாளையத்துல எங்க டைம் கீப்பர் இருக்காரு. அவருகிட்ட உக்கார வச்சிட்டுப் போறேன். ஒரு பய உங்களத் தொட முடியாது."

"சார், எனக்குக் குடும்பம் இருக்கு. வேல இருக்கு. கரிவலத்துல இறங்காட்டி அந்த வேல போயிரும். என் இடுப்பு போயிட்டு சார். இனி மூட்ட தூக்க முடியாது. அந்த நாற்காலிதான் சார் எனக்கு எல்லாமே."

"எந்த நாற்காலி?" என்றார் கண்டக்டர்.

வெள்ளத்துரை விளக்க வாயெடுத்தார். கண்டக்டர் மீரா பீவியைப் பார்த்தார். மீரா பீவி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "நாற்காலி, நாற்காலிங்காரே" என்றாள்.

வெள்ளத்துரை வாயை மூடிக்கொண்டார். இனிமேல் எதைச் சொன்னாலும் அது நோய்க் கணக்கில்தான் சேரும்.

கரிவலம் வந்தது. கண்டக்டர் பின் படியில் கையை நீட்டி மறித்து நின்றுகொண்டார். தன் ஸ்டாப் என்பதையும் மறந்து மீரா பீவி அவருக்குத் துணையாக உட்கார்ந்திருந்தாள். பஸ் ஊரைத் தாண்டியது. வெள்ளத்துரை ஜன்னல் வழியாகப் பார்த்தார். தூரத்தில், மக்காச்சோளக் காட்டுக்கு அந்தப் பக்கம், மில்லின் கூரை தெரிந்தது.

ஆட்டு மந்தை ஒன்று ரோட்டைக் கடந்தது. பஸ் தவழ்ந்தது. கண்டக்டர் எட்டி முன்னால் பார்த்தார்.

போகிற லாரியில் ஏறி, போகிற லாரியிலிருந்து இறங்கிப் பழகிய கால் வெள்ளத்துரைக்கு. இடுப்புதான் பழுதே தவிர காலுக்கு ஒன்றுமில்லை. மஞ்சள் பையை மார்போடு அணைத்துக்கொண்டு, கண்டக்டரின் கைக்குக் கீழே குனிந்து, வெள்ளத்துரை ரோட்டில் இறங்கிக் காட்டுக்குள் ஓடினார்.

"அண்ணாச்சி, நில்லுங்க."

"யாராவது பிடிங்களேன். டியூட்டி, டியூட்டின்னு ஓடுதாரே."

மக்காச்சோளத் தோகை முகத்தில் அறுத்தது. பாதிக் காட்டில் இருக்கும்போது சங்கு ஊதியது. நீளமாக ஊதியது. வெள்ளத்துரை அது முடிவதற்குள் போய்விடலாம் என்று ஓடினார். அது முடிந்த பிறகும் ஓடினார்.

மில் கேட்டுக்கு முன்னால் ஒரு வேப்பமரம். மரத்துக்குக் கீழே ஒரு நாற்காலி. நீலப் பிளாஸ்டிக், கை வைத்தது.

அதில் ஒருவர் உட்கார்ந்திருந்தார்.

வெள்ளத்துரைக்கு முதலில் நாற்காலிதான் கண்ணில் பட்டது. பிறகுதான் ஆள். வயதானவர். வெளுத்துப்போன காக்கிச் சட்டை, எல்லாப் பொத்தானும் போட்டிருந்தது. தாடி கொஞ்சம் வளர்ந்திருந்தது. காலில் செருப்பு இல்லை. ஆனால் முதுகு சுவர் மாதிரி நேராக இருந்தது.

"நில்லு. பாஸ் இருக்கா?" என்றார் அவர்.

"மேனேஜரப் பாக்கணும். நான் இங்கன வாட்ச்மேன் வேலைக்கு..."

"வாட்ச்மேன் நான்தான்."

"சார், சார்" என்று வெள்ளத்துரை உள்ளே பார்த்துக் கத்தினார்.

சத்தம் கேட்டு மேனேஜர் தேவமணி உள்ளேயிருந்து வந்தார். "வெள்ளத்துரை, யாரு அது?" என்று கேட்டார்.

"நான்தான் சார்" என்றார் வெள்ளத்துரை. நாற்காலிக்காரர் ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான் வெள்ளத்துரையக் கேட்டேன்."

"நான்தான் சார் வெள்ளத்துரை. மன்சூர் அலி சொன்ன ஆளு. வழியில கொஞ்சம் பிந்திட்டு."

தேவமணி சிரித்தார். "வெள்ளத்துரை இருட்டோட வந்து உக்காந்தாச்சே. நான் வரும்போது எந்திரிச்சு நின்னு ஒரு சல்யூட் அடிச்சாரு பாருங்க, இத்தன வருசத்துல இந்த மில்லுல எனக்கு யாரும் அப்படி அடிச்சதில்ல. அதுக்கப்புறம் தண்ணி குடிக்கக்கூட எந்திரிக்கல. பாஸ் இல்லன்னு முதலாளி காரையே நிறுத்திட்டாரு. முதலாளிக்கு அவ்வளவு சந்தோசம்."

"அவரு பேரக் கேட்டீயளா சார்?"

"எதுக்குக் கேக்கணும்? காக்கிச் சட்ட போட்டு ஒருத்தர் வருவாருன்னாங்க. வந்தாரு."

வெள்ளத்துரை தன் காக்கிச் சட்டையைத் தொட்டுக் காட்டினார். மக்காச்சோளக் காட்டில் ஒரு கை கிழிந்து, முதுகெல்லாம் வேர்வையாக இருந்தது. மேலே மீரா பீவி போர்த்திய பூப்போட்ட துண்டு.

தேவமணி அவரைக் கூர்ந்து பார்த்தார். சட்டைப்பையிலிருந்து போனை எடுத்தார். "என் பேரு வெள்ளத்துரை" என்றது போன். "நான் காணாமப் போகல" என்றது.

தேவமணியின் முகம் இளகியது. அந்த இளக்கத்தை வெள்ளத்துரை காலையிலிருந்து நிறையப் பார்த்துவிட்டார்.

"அண்ணாச்சி" என்றார் தேவமணி, ரொம்ப மெதுவாக. "எங்கன போறீய?"

வெள்ளத்துரை பதில் சொல்லவில்லை. அவரிடம் மிச்சமிருந்த பதில் ஒன்றுதான். அதைச் சொல்வதும் சொல்லாமல் இருப்பதும் இனி ஒன்றுதான்.

"ஒண்ணும் பயப்படாதீங்க. வீட்டுக்குத் தகவல் சொல்லிருவோம். ஏய், உள்ளேருந்து இன்னொரு நாற்காலி எடுத்துட்டு வாங்கப்பா."

நாற்காலி வந்தது. அதுவும் நீலம்தான், அதுவும் கை வைத்ததுதான். வேப்பமரத்துக்குக் கீழே, முதல் நாற்காலிக்குப் பக்கத்தில் போட்டார்கள். வெள்ளத்துரையைக் கைத்தாங்கலாகப் பிடித்து உட்கார வைத்தார்கள்.

அவர் சாய்ந்தார். இடுப்பு தானாக இறங்கி இடம் பார்த்துக்கொண்டது. நிழல் இருந்தது, காற்று வந்தது. அவர் நினைத்து வைத்திருந்ததைவிட நன்றாகவே இருந்தது. அதுதான் அவருக்குத் தாங்கவில்லை.

"வெள்ளத்துரை, இந்த அண்ணாச்சி எங்கயும் போயிராம பாத்துக்கிடும்" என்று நாற்காலிக்காரரிடம் சொல்லிவிட்டு, தேவமணி நம்பரைப் போட்டுக்கொண்டே உள்ளே போனார். "பிஸியாவே இருக்கே" என்று அவர் சொல்வது கேட்டது.

இருவரும் கொஞ்ச நேரம் ரோட்டைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்கள். தூரத்தில் ராஜபாளையம் பஸ் இன்னும் நின்றுகொண்டிருந்தது. காட்டோரம் ஆட்கள் கைதட்டிக் கூப்பிட்டுத் தேடிக்கொண்டிருந்தார்கள்.

நாற்காலிக்காரர் மெதுவாகத் திரும்பினார். வெள்ளத்துரையின் முகத்தைப் பார்க்கவில்லை. அவர் மடியில் இருந்த மஞ்சள் பையைப் பார்த்தார். மூக்கை ஒரு முறை உறிஞ்சினார். பிறகு, கேட்கலாமா வேண்டாமா என்று கூச்சப்பட்டு, குரலைத் தாழ்த்திச் சொன்னார்:

"டியூட்டிக்கு நேரமாச்சுன்னு ஒண்ணும் சாப்பிடாம வந்துட்டேன். அந்தப் பையில இருக்கது தேங்காய் பன்னா அண்ணாச்சி?"